மனநோயாளி இல்லாத ஊர்

ஒத்தக்கடை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

என் செல்லம் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு ட்யூட்டிக்குப் போகிறாயா? போனில் சொல்லாமல் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழுதால் நானும் அழுதுவிடுகிறேன். அப்புறம் என்ன பேசினோம் என்பதே இரண்டு பேருக்கும் தெரிவதில்லை. எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படம் கோணலாக வந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். போன வாரக் காற்றில் பின்பக்க முருங்கை ஒடிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டது. தெருவே முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் ஜோ நன்றாகச் சாப்பிடுகிறான், மாத்திரை தவறுவதில்லை. மாடியறையில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிறான். முன்பைப் போல ராத்திரி குரல்கள் கேட்பதாகச் சொல்வது குறைந்திருக்கிறது. கேட்டாலும், கேட்கிறது என்று என்னிடம் வந்து சொல்லிவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் வீடியோவில் உனக்கு வந்தது பாதிக் கதை. மீதியையும் தெரிந்துகொள்.

என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த முத்துமீனா ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். உனக்கு நினைவிருக்கும், இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போய் ஊன்றுகோலோடு வருவாள். வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றச் சொல்லித் தலைமையாசிரியையிடம் தனியாகப் போய்ச் சண்டை போட்டவள். அதே வாய்தான் இப்போதும். ஊராட்சி அலுவலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் வாக்குச்சாவடிக்கும் சாய்வுப் பாதை வேண்டும், பஸ் தள்ளிப்போய் நிற்கக் கூடாது, கிராமசபைக் கூட்டத்தில் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிப் பேசுகிறாள். "படிக்கட்டு மேல கூட்டத்தப் போட்டுட்டு, நொண்டிப் பிள்ள வரலைனு ஆப்சென்ட் போடுறாங்க" என்று அவள் சொன்னால் பெண்கள் கை தட்டுகிறார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

துண்டறிக்கை அச்சாகும் முன் டீச்சர்தான் பிழை பார்க்க வேண்டும் என்று ஆளிடம் கொடுத்தனுப்பினாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாற்றுத்திறனாளிக்கு 'த்' போட்டேன். சாய்வுப் பாதைக்கு 'ப்' போட்டேன். கடைசியில் பெரிய எழுத்தில், 'குப்பை இல்லாத ஊர், கொசு இல்லாத ஊர், மணநோயாளி இல்லாத ஊர்' என்று இருந்தது. மூன்று சுழி ண. மணநோய் என்றால் கல்யாணக் கிறுக்கு என்றல்லவா ஆகிவிடும் என்று நானே சிரித்துக்கொண்டு, ஒரு சுழியை அடித்து 'மனநோயாளி' என்று திருத்திக் கொடுத்தனுப்பிவிட்டேன். உன் அம்மாவின் புத்தியைப் பார்.

அச்சாகி வந்த தாளை ஜோ சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தான். கடைசி வரியில் விரலை வைத்தான். பிறகு, "எம்மா, இதுல அந்தச் சுழி மட்டுந்தான் தப்பா?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஜெனி. குப்பைக்கும் கொசுவுக்கும் அடுத்ததாக என் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்காமல் சுழியைப் பார்த்திருக்கிறேன். முத்துமீனாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நோயை ஒழிப்போம் என்று சொல்ல நினைத்து, ஆளை ஒழிப்போம் என்று எழுதிவிட்டாள். சாய்வுப் பாதையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இதைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நம் வீட்டிலிருந்தும் யாரும் சொல்லவில்லையே.

மறுநாள் ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வந்தாள். நான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஜோ மாடியிலிருந்து இறங்கி வந்தான். கூட்டம் என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவன், நேராக அவள் முன்னால் வந்து நின்றான். கையில் அந்தத் தாள். கை நடுங்கியது. அது மாத்திரையால் வரும் நடுக்கம், பயமும் கொஞ்சம் இருந்திருக்கும். "அக்கா, எனக்கு மனநோய் இருக்கு. டீச்சரம்மா மகன்தான் நான். நீங்க ஜெயிச்சா என்னைய எந்த ஊருக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டான்.

அவளோடு வந்த பையன்களில் யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். நீ பார்த்தது அதுதான். அதற்கப்புறம் நடந்தது அதில் இல்லை. முத்துமீனா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நம் வாசற்படியில் உட்கார்ந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். "தம்பி, என்னைய நொண்டினு சொல்லக்கூடாதுனு ஊரெல்லாம் கத்துறேன். நானே இப்படி எழுதிட்டேனே" என்றாள். கூட வந்தவர்கள், தேர்தல் நேரத்தில் இதெல்லாம் எதற்கு, அந்த வரியின் மேல் தாள் ஒட்டிவிடலாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. என்ன எழுதலாம், நீ சொல்லு என்று அவனிடமே கேட்டாள்.

அவன் என்னென்ன சொன்னான் தெரியுமா? சட்டப்படி மனநோய் உள்ளவனும் மாற்றுத்திறனாளிதான், அதை முதலில் சொல்லுங்கள் என்றான். மாத்திரைக்காக மாட்டுத்தாவணி போய் பஸ் மாறி அலையாமல் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதாமாதம் கிடைக்க வேண்டும் என்றான். நூறு நாள் வேலையில் எங்களையும் சேருங்கள், மெதுவாகச் செய்கிறவனுக்கு மெதுவான வேலை கொடுங்கள் என்றான். மேடையில் எதிராளியைத் திட்டப் 'பைத்தியம்' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள் என்றான். இம்புட்டையும் இவன் எங்கே வைத்திருந்தான்? நான் தினமும் அவனிடம், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

புதிய துண்டறிக்கையில் அவன் எழுதிக் கொடுத்ததே இருக்கிறது: 'மனநோய் உள்ளவர்களும் மதிப்போடு வாழும் ஊர்.' என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை.

இதனால் அவளுக்கு ஓட்டு கூடுமா குறையுமா தெரியாது. எதிர்த்து நிற்கிறவர்களின் ஆட்கள் டீக்கடையில், முத்துமீனா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கே ஓட்டுக் கேட்கப் போகலாம் என்று கேலி பேசுகிறார்களாம். ஆனால் நம் சபையில் இத்தனை வருடம் பக்கத்து பெஞ்சில் உட்காரும் ஒரு அம்மா, இன்று ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளுக்கும் இந்த மாத்திரைதான் என்று காதோடு சொன்னார். இரண்டு பேரும் ஒரே மருந்துக்கு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பஸ் ஏறியிருக்கிறோம்.

இனி நம் விஷயம்.

வீடியோ நீ கட்டிக்கொள்ளப் போகிற ரூபனின் அம்மாவுக்குப் போய், அவர்கள் உன்னிடம் கேட்டு, நீ வெள்ளிக்கிழமை பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாய். அவர்கள் இன்னும் நிச்சயத்துக்கே வரவில்லை, யாரும் ஜோவை நேரில் பார்த்ததில்லையே, அது சித்தப்பா மகன் என்று சொல்லிவிடுங்கள் அம்மா, கல்யாணம் முடியட்டும், பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தனியாக அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, நீயாகப் பார்த்துப் பிடித்த பையன். கைக்கு வந்தது நழுவிவிடுமோ என்று யாருக்கும் இருக்கும். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, தங்கமே.

ஆனால் நான் அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜோ பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

எழுந்து மாடிக்குப் போனான். நான் பின்னாலேயே போகப் பயந்து கீழேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவனே இறங்கி வந்து மீதிப் பூண்டையும் உரித்தான். "எம்மா, ஜெனி சொன்னபடியே சொல்லிருங்க. சித்தப்பா மகனாவே இருந்துட்டுப் போறேன். கல்யாணத்தன்னைக்குக் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிறேன், போட்டோவுக்கு வர மாட்டேன்" என்றான். உனக்காக, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான். ஊரே பார்க்கத் தெருவில் நின்று நான்தான் டீச்சரம்மா மகன் என்று சொன்ன பிள்ளை.

என்னால் முடியவில்லை, ஜெனி. இன்று காலை ஆலயத்துக்குக் கிளம்பும் முன் ரூபனின் அம்மாவைக் கூப்பிட்டேன். அது என் மகன் ஜோ, ஜெனிக்கு மூத்தவன், மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடுகிறான், அன்பான பிள்ளை என்று சொன்னேன். அவர்கள் கோபமாகவும் பேசவில்லை, சிரித்தும் பேசவில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் போன் வரவில்லை. உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று என்னைத் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. ரூபனிடம் மட்டும் இன்றே நீயே பேசிவிடு. அவர் வேறு வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். கேட்டுவிட்டும் உன்னோடு நிற்கிறவராக இருந்தால், நான் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பேன். நிற்காவிட்டால் நீ அழு, நானும் அழுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா போய்விட்டார். இந்த மாப்பிள்ளையோ வேறு மாப்பிள்ளையோ, ஆலய வாசலிலிருந்து உன் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்து வர வேண்டியவன் உன் கூடப் பிறந்தவன். சித்தப்பா மகன் கடைசி பெஞ்சில் உட்காரலாம். உன் கையை யார் பிடிப்பது?

இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே, அவனைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவன் கூச்சப்பட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுவான். அண்ணே, என்னைய நீ கூட்டிட்டு வாரியா என்று மட்டும் கேள்.

கர்த்தர் உன்னோடும் இருப்பார், அவனோடும் இருப்பார். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் இருங்கள்.

ஜோவையும் உன்னையும் பெற்ற அம்மா,
தங்கம்