முடிந்துபோன வழக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் என் முதல் பிரார்த்தனை. இன்று கோர்ட்டுக்கு வந்தது நான், அப்பா, உன் அத்தை, வக்கீலம்மா, அவ்வளவுதான். தம்பியின் சிநேகிதர்கள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் வந்த தம்பி என் காலைப் பார்த்துவிட்டு, ஜோடி மாத்திப் போட்டுட்டு வந்திருக்கியேம்மா என்று சிரித்தான். ஒரு செருப்பு என்னுடையது, ஒன்று அத்தையுடையது. அதானே, காலையிலேர்ந்து ஒரு கால் மட்டும் கடிக்குதேன்னு பார்த்தேன் என்றாள் அத்தை.

அவன் ஓட்டுகிற பார்சல் வண்டியில் போதைமருந்துப் பொட்டலம் இருந்தது என்பதுதானே வழக்கு, தனக்குத் தெரியவே தெரியாது என்கிறான். வக்கீலம்மா வராந்தாவில் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதற்கு ஐந்து வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை கொடுக்கக்கூடாது என்று சட்டமே கட்டிவைத்திருக்கிறதாம். இதே மாதிரி வழக்கில் முன்பே தண்டனை பெற்றவன் என்றால் அந்த ஐந்து பத்தாகிவிடுமாம், ஜட்ஜே இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாதாம். இப்போதே ஒத்துக்கொண்டால் பழையதை எடுக்கமாட்டோம், விசாரணைதான் வேண்டும் என்று நின்று தோற்றால் எடுப்போம் என்கிறாராம் அரசாங்க வக்கீல்.

பழையது எது என்று உனக்குத் தெரியும், அறையில் கூடத் தங்கியிருந்தவனின் போதை மாத்திரைகளுக்குத் தம்பி மாட்டிக்கொண்டது. ஒத்துக்கிட்டா அபராதத்தோட சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம் என்று அன்றைய வக்கீல் சொன்னதும் நாம் எல்லோரும்தான் தலையாட்டினோம். நீ போனில் அழுதாய், அப்பா தம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவனும் நமக்காக ஒத்துக்கொண்டான், நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். வீட்டுக் கணக்கில் கட்டி முடித்ததை நான் கோடு போட்டு அடித்துவிடுவேன், சட்டமும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இன்று பார்க்க விட்ட கொஞ்ச நேரத்தில் அப்பா மறுபடியும் ஒத்துக்கடா என்றார். செய்யாததுக்கு ஒருதடவை ஒத்துக்கிட்டதாலதாம்ப்பா இன்னைக்குப் பத்து வருஷம்ங்கிறாங்க, திரும்பவும் அதையே சொல்றீங்களே என்றான். நீ சொல்லும்மா என்று என்னைக் கேட்டான். அன்று ஆட்டிய தலையை இன்று எப்படி ஆட்டுவது என்று தெரியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்ன சொல்றா என்று கேட்டுவிட்டு உள்ளே போனான்.

போனில் பேசினால் நீ அழுவாய், அவன் உனக்காக எதற்கும் சரி என்றுவிடுவான், அதனால் உன் மனதில் பட்டதை அவனுக்குக் கடிதமாகவே எழுது, மடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்து யோசிப்பான். வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் கூட்டிக்கொண்டு அலையாதே. கடவுள் உங்கள் மூவருக்கும் துணையிருப்பார். மாதக் கடைசிக்குள் தம்பி முடிவைச் சொல்லியாகவேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா