கழுவியதும் உதிர்ந்த பூச்சு

என் பிரியமான அம்மா,

நேற்று தர்ஷினி வீட்டுக்கு வந்திருந்தாள். உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த அதே பூச்சோங் ஊர்ப் பிள்ளை. இப்போது முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் கொண்டுவந்த செய்தியை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் நீ கிளார்க்காக இருந்தாய். அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தாய். தம்பி வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, ஓர் இரவுச் சாப்பாட்டின் நடுவே சாதாரணமாகச் சொன்னாய்: "யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருந்தேன். கிடைச்சிருச்சு."

"யாருக்கும்மா?" என்று கேட்டான் தம்பி.

"எனக்குத்தான்டா. மெட்டீரியல் சயன்ஸ். கண்ணாடி ஏன் உடையுது, ரப்பர் ஏன் இழுபடுதுன்னு படிக்கிறது."

அப்போது உனக்கு நாற்பத்தாறு வயது. இந்தக் கேள்விகளை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாய் அம்மா?

இரண்டாம் ஆண்டு முடிந்து நீண்ட விடுமுறை வந்தது. நம் ஊரில் ஏது கோடை? இருந்தாலும் விடுமுறையில் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதை அங்கே 'சம்மர் ரிசர்ச்' என்றுதான் சொன்னார்கள். பேராசிரியர் டாக்டர் லிம்மின் குழுவில் உனக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் நீ உள்ளே நுழைந்ததும், புது விரிவுரையாளர் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். நானும் மாணவிதான் என்று நீ சொன்ன பிறகும் ஒருவன் உட்காரவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீயும் தர்ஷினியும் எடுத்துக்கொண்ட வேலை, துத்தநாக ஆக்சைடை நானோ துகள்களாக்கிப் பருத்தித் துணியில் பூசுவது. தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற அளவுத் துகள்கள். அந்தப் பூச்சு கிருமிகளை வளரவிடாது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புக்கு உதவும் என்பது எண்ணம். சோதனைக்கு வெள்ளைத் துணி வாங்க, நம் ஆட்கள் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். "வீட்டுல விசேஷமாக்கா?" என்று கடைக்காரர் கேட்க, "இல்லண்ணே, கிருமி வளர்க்கப் போறேன்" என்றாய். மனிதர் மீட்டர் கோலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

வாரக்கணக்கில் ஒன்றும் சரியாக வரவில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போயின. தர்ஷினி மனம் விட்டுப்போய் அழுதாள். நீ சூட்டைக் குறைத்துப் பார்த்தாய், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாய், மறுபடி ஆரம்பித்தாய். ஒருநாள் ரயிலை விட்டு இறங்கியதுமே, கூட்டிப்போக வந்த என்னிடம் போனை நீட்டினாய். மைக்ரோஸ்கோப் படத்தில் மணி மணியாகத் தனித்தனித் துகள்கள். "பாரேன், எவ்வளவு ஒழுங்கா உக்காந்திருக்கு" என்றாய். பிறந்த பிள்ளையைப் பார்க்கிற முகம் உனக்கு. பூசிய துணியில் கிருமி வளரவே இல்லை. டாக்டர் லிம் அந்தப் படத்தை அறைக் கதவில் ஒட்டினார்.

அந்த ஆண்டு சிறந்த ஆய்வுக்குப் பரிசு, சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பருவம் வேலை செய்யும் வாய்ப்பு. உனக்கு அதில் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்காமலே போய் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாய்.

நடுவர்கள் முன் ஆய்வை எடுத்துச் சொல்லும் நாள் நெருங்கியபோது நீ அந்தத் துணியைச் சோப்புத் தண்ணீரில் அலசினாய். பூச்சு உதிர்ந்துவிட்டது. அந்தத் துணியில் மறுபடி சோதித்தபோது சாதாரணத் துணியைப் போலவே கிருமி மண்டியது.

"ஆன்டி, கழுவுனதைப் பத்தி யாரும் கேட்க மாட்டாங்க லா. அது நம்ம ப்ராஜெக்ட்லயே இல்ல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள் தர்ஷினி.

"ஆஸ்பத்திரித் துணியைத் துவைக்காம எப்படிம்மா?" என்றாய்.

அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அழகான படத்தைக் காட்டினாய். அடுத்து அலசிய துணியின் படத்தைக் காட்டி, நிதானமான ஆங்கிலத்தில், இது நிற்கவில்லை, ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது என்றாய். தோற்றதை எதற்குக் காட்டுகிறீர்கள் என்று நடுவர் ஒருவர் கேட்டார். அடுத்து வருகிறவர் நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்கக் கூடாது என்றாய். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வருத்தமா என்று கேட்டேன்.

"இருக்காதா பின்னே? சிங்கப்பூர் போயிருக்கலாம்." இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "துணிக்கும் துகளுக்கும் நடுவுல பிடிச்சு வைக்க எதாவது வேணும். அது என்னன்னுதான் தெரியல" என்றாய். உன் கண் இலையில் இல்லை.

அந்த வேலையையே இறுதியாண்டிலும் தொடரும்படி டாக்டர் லிம் உன்னைக் கேட்டார். நீ சரி என்றாய். ஆனால் அந்த ஆண்டு தொடங்குமுன் உன் இதயம் நின்றுவிட்டது. முந்தின நாள் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினாயே, அப்போதே உனக்குத் தெரிந்திருந்ததா அம்மா?

இனி நேற்றைய செய்தி. உன் வேலையைத் தர்ஷினி எடுத்துக்கொண்டாள். நீ தேடிய அந்த நடு அடுக்கு கிடைத்துவிட்டது. இறாலின் ஓட்டிலிருந்து எடுக்கிற ஒரு பொருளாம். பலமுறை துவைத்த பிறகும் பூச்சில் பெரும்பகுதி துணியிலேயே நிற்கிறது. முழுவதும் நிற்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள். உன்னோடு வேலை செய்தவள் அல்லவா?

இன்னொன்றும் சொன்னாள். "எங்க லேப்ல யாரு புதுசா எதைப் பூசினாலும் முதல்ல துவைச்சுப் பார்க்கணும்க்கா. அதை ஆன்டி பேர்லயே 'செல்வி டெஸ்ட்'னு சொல்றோம். ஆன்டியைப் பார்க்காத பிள்ளைங்ககூட அப்படித்தான் சொல்லுதுங்க."

நான் அடுப்பங்கரைக்குப் போய் அவளுக்கு இன்னொரு டீ கலக்கிக்கொண்டு வந்தேன்.

இந்த விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தில் சேரும் புது மாணவர்களிடம் உன்னைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கணக்காளர் வேலை பார்க்கிற நான் அங்கே என்ன பேசுவேன்? ஆனாலும் போகிறேன். உன்னைப் பெரிதாக்கிப் பேச மாட்டேன், இது உறுதி. நீ பரிசு வாங்கவில்லை என்று சொல்வேன். அது உனக்கு வலித்தது என்றும் சொல்வேன். கேட்கிற பிள்ளைகளில் ஒருத்தியாவது, யாரும் கேட்காத ஒரு சோதனையை அன்று மாலை தானாகச் செய்து பார்த்தால் எனக்குப் போதும்.

உன்னிடம் படித்துக்கொண்டே இருக்கும்,
உன் மூத்த மகள்
கவிதா
கிள்ளான்