அப்பாவின் சரியான அளவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே என் மூக்குக் கண்ணாடியைத் தவிர எல்லோரும் நலம். நேற்று அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் பேசுவது நான், எழுதுவது உன் தங்கை. நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், இவள் அதைப் பரீட்சைக் கட்டுரை மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறாள், என் குரல் மாதிரி இல்லையே என்று நினைக்காதே. (அம்மா தொடங்கிய வாக்கியத்தை முடிப்பதில்லை. நான் முடித்து வைக்கிறேன், அவ்வளவுதான். தங்கை.)

நீ போனில் அழுதுவிட்டு அதை அணைத்தும் வைத்துவிட்டாய், அதிலிருந்து இங்கே யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உழைக்கிற ஒருவருக்கு வேலை உடை தைக்க வேண்டும் என்று காலேஜில் சொன்னதும் நீ அப்பாவைத் தேர்ந்தெடுத்தாய், சாவிக் கடைக்காரருக்கு ஏற்ற மாதிரி அரத்துக்கு ஒரு பை, சாவிக் கொத்துக்கு ஒரு பை என்று ஒரு கோட்டுக்குப் படம் வரைந்தாய், லீவில் வந்தபோது நீயே அளவெடுத்துப் போய்க் காடாத் துணியில் மாதிரி தைத்து அனுப்பினாய். அதை அப்பா போட்டுக்கொண்டு நின்ற போட்டோவை நாங்கள் அனுப்பினோம். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. அதைப் பார்த்து உங்கள் மேம் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "டேப் பிடிக்கவே தெரியலன்னா கத்தரிக்கோல எதுக்கு எடுக்குற?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இந்தப் படிப்பு எனக்கு ஆகாது, அடுத்த வெள்ளிக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். வராதே என்று சொல்ல மாட்டேன், இது உன் வீடு. ஆனால் நீ சொல்கிற காரணம் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போனை வைத்ததும் அந்தக் காடாக் கோட்டை மறுபடியும் அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். சலவைக் கடையில் இத்தனை வருஷமாக ஊரார் கோட்டுகளையெல்லாம் இஸ்திரி போடுகிறேன், தோள்பட்டை இப்படிப் படிந்து உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. கை நீளம் சரி, கழுத்து சரி, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. வயிற்றில் மட்டும் இரண்டு விளிம்பும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அப்போது சின்னவள்தான் கேட்டாள், எல்லா இடத்திலும் சரியாக அளந்த கை ஒரே ஒரு இடத்தில் மட்டும் எப்படித் தப்பாக அளக்கும் என்று. கேட்டுவிட்டுத் துப்பறிகிறவள் மாதிரி வீட்டைச் சுற்றி வந்தாள். கதவுக்குப் பின்னால் அப்பாவின் பெல்ட் தொங்கியது. அதன் கடைசி ஓட்டை மற்ற ஓட்டைகள் மாதிரி இல்லை, வழவழவென்று அவ்வளவு வட்டமாக இருந்தது, பிற்பாடு மெஷினில் போட்டது. நம் குடும்பத்தில் துளை போடுகிற மெஷின் யார் கடையில் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி டேப்பைச் சுற்றினேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நீ எழுதி வைத்த அதே எண்தான் வந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சின்னவள் விடவில்லை. பல் டாக்டர் தன் கிளினிக் குளியலறையிலேயே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லுங்கள் அப்பா என்றாள். அந்தக் கதையை மூச்சை அடக்கிக்கொண்டு யாரால் சொல்ல முடியும். டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் என்கிற இடம் வந்ததும் இவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வயிறும் வந்தது, டேப் என் விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு நாலு அங்குலம் போயிற்று. காப்பி அடித்துப் பிடிபட்ட பையன் மாதிரி அப்படியே கதையை நிறுத்திவிட்டார். அன்றைக்கு டாக்டர் குளியலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

லீவில் நீ டேப்போடு கிட்டே வந்தபோது, தினமும் காலையில் நடக்கிறீங்களாப்பா என்று கேட்டாயாம். நடக்கிறேன் என்று சொன்னாராம். நடக்கிறார்தான், பேப்பர் கடை பெஞ்சு வரைக்கும். அங்கே உட்கார்ந்து முடிதிருத்துகிறவரோடு உலகத்தைத் திருத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார். பொய் வெளியே தெரியக்கூடாது என்று நீ அளந்து முடிக்கும்வரை வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அதைக் கேட்டு நானும் சின்னவளும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இதுக்காகவா அவ அழுதா என்று மட்டும் கேட்டார். டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, "இன்னொரு வாட்டி எடு. இழுத்துப் பிடிக்கல" என்றார். அந்த அளவுகளைத்தான் தனித் தாளில் சின்னவள் எழுதியிருக்கிறாள். (ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்பாவைப் பேச வைத்தேன். தங்கை.)

பொத்தான் போடாமலேயே அப்பா ஒரு நாள் முழுக்கக் கடையில் அந்தக் கோட்டோடு இருந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஒரு அம்மா கையை நீட்டி பிரஷர் பார்க்கச் சொன்னாராம். பைகளெல்லாம் பிரமாதமாம், அரம் வைக்கிற பை மட்டும் உட்காரும்போது தொடையில் குத்துகிறதாம், அதை ஒரு விரல் மேலே தூக்கிவிடு. கோட்டைத் திருப்பி அனுப்புகிறேன், இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து எவ்வளவு வேண்டும் என்று துண்டுத் துணி வைத்துக் குண்டூசி குத்தியிருக்கிறேன். பார்சலைப் பிரிக்கும்போது கையைக் குத்திக்கொள்ளாதே. இனிமேல் யாருக்கு அளவெடுத்தாலும் அவர்கள் வாயைக் கொஞ்சம் கிளறு. ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் டேப்பைக் கண்டால் எக்கத்தான் செய்வார்கள். யாராவது உன்னைத் தப்பு என்று சொன்னால் உடனே ஆமாம் என்று தலையாட்டாதே, தப்பு எங்கே என்று தேடு. உன் தங்கைக்கு இருக்கிற அளவாவது உனக்கும் பிடிவாதம் இருக்க வேண்டாமா.

வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் வா, கோட்டைத் தைத்து மேமிடம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் தூங்குவதற்கு வா. மூட்டை வேண்டாம், ஒரு பை போதும். போனை எடுத்துச் சார்ஜில் போடு. நகம் கடிக்காதே. உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரும், நீ எங்கே இருந்தாலும் மனம் நிறைந்து இரு. இந்தக் கடிதத்தை மேமிடம் காட்டச் சொல்கிறார் அப்பா. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது, அவர் கேட்கவில்லை, பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுத்தும் இலக்கணமும்: தங்கை)

மேடம் அவர்களுக்கு, மேலே சொல்லப்பட்ட வயிறு என்னுடையதே. என் மகள் சரியாகத்தான் அளந்தாள். நான்தான் சரியாக நிற்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா