கழுவிய பீப்பாய்

மாசி 5, செவ்வாய்.

உதகை கிளப் துரை நம் ராகி விஸ்கியை ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். போன வருஷத்து ருசி வந்தால்தான் ஆர்டராம். அதே ராகி, அதே சிறுவாணித் தண்ணீர். என்ன மாறியது?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ஏனுங்க, ஆயுத பூசைக்குச் சரக்கு ஊற வெக்கிற பீப்பாயெல்லாம் புளி போட்டுத் தேய்க்க வெச்சீங்களே! அப்போ தொரை இத்தன நாளும் குடிச்சது அழுக்குங்களா?" என்று சிரிக்கிறாள். தொழில் சாமானைக் கழுவாமல் பொட்டு வைப்பார்களா?

கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த பீப்பாய் மட்டும் கழுவாமல் தப்பியிருந்தது. உள்ளே தலையை விட்டு மோந்தேன். போன வருஷத்து வாசனை அப்படியே இருக்கிறது. என் கைப்பக்குவம் என்று துரையிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் இந்தக் கறைதானா? என் பங்கும் கொஞ்சம் உண்டா? விளங்கவில்லை.

காலையில் அதில்தான் புதுச் சரக்கை ஊற்ற வேண்டும். வருகிற பூசைக்கு அதற்குப் பொட்டு மட்டும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா?