ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனசு எப்படி என்று கேட்காதே, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் மலைத்தேனுக்குப் புவிசார் குறியீடு கொடுக்குமுன் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார் அல்லவா, தேனீக்களுக்கு என்ன தீனி என்று கேட்டார். மழை மாதங்களில் பூ இருக்காது, நாமும் அப்போது தேன் எடுப்பதில்லை, ஈக்கள் சாகாமலிருக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைப்போம், ஊரே செய்வதுதான். உன் அப்பாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் காட்டியதில்லை, எல்லாம் காட்டுப் பூதான் என்று அளந்துவிட்டார். அந்த அதிகாரி உட்கார்ந்திருந்ததே சர்க்கரை மூட்டைமேல்தான், நான்தான் போர்வை விரித்திருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பெருமைப் பேச்சு அப்படியே விதியாக அச்சாகிவிட்டது. குறியீட்டு முத்திரை வந்த பிறகுதான் ரோடும் தினம் இரண்டு பஸ்ஸும் வந்தன, பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிப் போவது நின்றது. ஒருத்தர் சர்க்கரை வைத்தாலும் முத்திரை ஊருக்கே போய்விடும் என்று சங்கத் தலைவராக அப்பாதான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

இந்த வருஷம் நாலு மாதம் விடாத மழை. பெட்டிக்குள் ஈக்கள் துவண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சர்க்கரை கரைத்து வைத்தேன், அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். உன் சித்தி மட்டும், அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வைக்கவேயில்லை. அவளுடைய ஒன்பது பெட்டியும் செத்துப்போயின. அவளுக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது சொல். நம் பெட்டிகள் மட்டும் எப்படித் தப்பின என்று வந்து கேட்டாள். கைராசி என்றேன். கூடப் பிறந்தவளிடம் அப்படிச் சொன்ன பாவி நான்.

பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் போனேன். டவுன் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போக அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உங்க பெட்டி வாசல்ல பிசுபிசுப்புல ஈ ஒட்டிக்கிட்டிருந்துச்சு, அதைத் தொட்டு நக்கிப் பார்த்தேன், சர்க்கரை. நீயா வந்து சொல்லுவேன்னுதான் இத்தனை நாள் இருந்தேன்" என்றாள். மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள்.

அதிகாரிக்கு உண்மையை எழுதிப் போட்டுவிட்டேன். விதியை மாற்றுவார்களோ முத்திரையைப் பிடுங்குவார்களோ, பஸ் என்ன ஆகுமோ தெரியாது. முத்திரை கேட்டு அன்று விண்ணப்பத்தை அழகாக எழுதிக் கொடுத்தவள் நீ, அதனால் உனக்குத் தெரிய வேண்டும். அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு கண்ணு. குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் சித்திக்குப் போன் பண்ணு, என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அம்மா