சிதம்பரத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம்

என் பையை என்னைவிட நன்றாக அறிந்த மேரி அக்காவுக்கு,

இன்று காலை சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முதுநகர் தாண்டியதுமே கண் சொருகிவிட்டது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். மடியில் என் கோல்ஃப் பை. வெளியே சவுக்குத் தோப்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெட்டிவிட்ட பச்சைப் புல், அதில் சின்னச் சின்னக் கொடிகள். பஸ் அந்தப் புல்லின் மேலேயே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். உன் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் கண்டக்டர், "புதுச்சத்திரம்லாம் எறங்கு!" என்று கத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியிருக்கலாம் அந்த மனுஷன்.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். கோபம் வரும். வரட்டும். என் கார்டு போய்விட்டது, அக்கா.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்கு கோல்ஃப் என்றால் இன்னமும் பணக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வாக்கிங் போவதுதான். கார்டு என்பது அடுத்த வருடமும் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுவதற்கான இடம். வருடக் கடைசியில் வரிசையில் மேலே இருந்தால் தானாகக் கிடைக்கும். கீழே போனால், புதிதாக வருகிற சின்னப் பெண்களோடு நின்று மறுபடியும் தகுதிச் சுற்று ஆட வேண்டும். என் வயதில் அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசியதே அதைப் பற்றித்தான். "நான் இல்லன்னு மூலையில குந்திடாத. கார்ட மட்டும் வுட்டுடாதடி." நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் இந்த வருடம் முழுக்க ஆடினேன்.

குட்டையனை நினைவிருக்கிறதா? சென்னையில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பா கொண்டுவந்த உடைந்த இரும்பு மட்டை. உடைந்த இடத்தில் அறுத்து, பிடிக்கு சைக்கிள் ட்யூப் சுற்றி, என் உயரத்துக்கு ஆக்கிக் கொடுத்தார். கடலூரில் நமக்கு ஏது கோல்ஃப் மைதானம்? தேவனாம்பட்டினம் மணல்தான். நான் அடிப்பேன், நீ பந்துக்குப் பின்னால் ஓடுவாய். கருவாடு காயவைத்த அக்காமார்கள், "ஏ பொண்ணுங்களா, அலையப் பாத்து அடிங்க!" என்று விரட்டுவார்கள்.

அதனால்தான் மற்றவர்கள் மணல் குழியைக் கண்டு நடுங்கும்போது எனக்கு மட்டும் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் கோப்பை ஜெயித்த அன்று கடைசிப் பந்து மணலில் போய் விழுந்ததே, அப்போது நீ என் காதில் என்ன சொன்னாய்? "தேவனாம்பட்டினம்னு நெனச்சிக்க. கருவாட்டு மேல மட்டும் படாம அடி." நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பேப்பரில் என் படம் வந்தது. என் பின்னால் பாதித் தோளும் பையுமாக நீ.

கல்யாணமானவள் பை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதா என்று சிதம்பரத்தில் உன் தெருவே கேட்டது. "என் தங்கச்சி பை. நான் தூக்காம?" என்றுவிட்டாய். பை தூக்குகிறவருக்கு கேடி என்று பெயர் என்பதை அப்பா மட்டும் கடைசி வரை ஜீரணிக்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் "பெரியவ மேனேஜரா இருக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவர் பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் அதை எண்ணுவது உன் வேலை. நீ ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டாய். காலேஜுக்கு தினம் போய்வந்த பஸ் ரூட்டை வைத்து எண்ணுவாய். நீளமான மட்டை கடலூர். அடுத்தது முதுநகர். அப்புறம் காரைக்காடு, ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தொட்டுக்கொண்டு போய், பந்தைக் குழிக்குள் உருட்டுகிற கடைசி மட்டைக்கு வந்ததும் "சிதம்பரம், எல்லாரும் எறங்கு" என்பாய். மற்ற பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் மனசு ஆட்டத்தில் நிற்கும்.

வருடத்தின் கடைசிப் போட்டிக்குப் போகும் வழியில் சிதம்பரத்தில் உன் வீட்டுக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். தன் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார். நீ பத்திரப்படுத்தி வைத்திருந்த குட்டையனை எடுத்து நீட்டினார். "இத நீயே வச்சிக்கம்மா. பாத்தா பாத்துக்கினே இருக்கணும்போல இருக்கு. வேல ஓட மாட்டேங்குது."

போட்டியின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், பயிற்சி மணலில் குட்டையனை வைத்துக் கொஞ்ச நேரம் அடித்தேன். உன்னோடு ஆடுவது போலவே இருந்தது. அதே மயக்கத்தில் அவனைப் பையில் போட்டேன். மறுநாள் அங்கேயே அமர்த்திய கேடி அண்ணன் பையைத் துடைத்துத் தூக்கிக்கொண்டார். எண்ண யாரும் இல்லை.

முதல் இரண்டு குழிகள் நன்றாகவே போயின. இப்படியே போனால் கார்டு தப்பிவிடும். அதை நினைத்ததுமே கை தானாகப் பைக்குள் போனது. நீ இல்லையே என்று நானே மெதுவாக எண்ணினேன். கடலூர், முதுநகர், காரைக்காடு. சிதம்பரமும் வந்துவிட்டது. ஆனால் நீள மட்டைகளுக்கு நடுவில், ஆழத்தில், விரலில் இன்னொன்று ஜில்லென்று பட்டது.

தண்டனை உனக்குத் தெரியும். குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டத்தில், ஆடிமுடித்த ஒவ்வொரு குழிக்கும் கணக்கில் இரண்டு அடி கூடும். ஆக நான்கு. கேடி அண்ணனும் பார்த்துவிட்டார். "மேடம், யாரும் பாக்கல. துண்டுல சுத்தி உள்ள தள்ளிடறேன். நமக்கு கார்டு முக்கியம்."

நல்ல மனுஷன்தான். என் நல்லதுக்குத்தான் சொன்னார். கார்டை விடாதே என்று நீயும்தான் சொன்னாய். எண்ணிப் பார்க்கப் பழக்கியதும் நீதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீயே நின்றால் நான் என்ன செய்வேன்? அந்த நிமிடம் உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, அக்கா. செத்துப்போனதற்காக வந்த கோபம்.

கூட ஆடிய பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அதிகப்படியான மட்டையை இனி தொட மாட்டேன் என்பதற்கு அடையாளமாக, குட்டையனைப் பையில் தலைகீழாகக் குத்தி வைத்தேன். மிச்ச ஆட்டம் முழுக்க அந்த சைக்கிள் ட்யூப் வால் வெளியே தெரிய அவன் கூடவே வந்தான்.

அதற்குப் பிறகு ஆடினேன் பார், அப்படி நான் ஆடியதே இல்லை. வெயில் பால் மாதிரி புல்லில் பரவிக் கிடந்தது. யார் பேசுவதும் காதில் விழவில்லை. என் பின்னால் உன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் போய்விடுவாய் என்று திரும்பவே இல்லை. கடைசியில் இரண்டே இரண்டு அடி வித்தியாசத்தில் கார்டு போனது.

நீயாகத்தான் பையில் ஏறிக்கொண்டாயோ?

இன்று குட்டையனோடு சிதம்பரத்தில் இறங்கி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "கார்டு போனதுக்கு அவ ஒண்ணும் சொல்லமாட்டா. எண்ணாம கெளம்புனதுக்குத்தான் திட்டுவா, ஜாஸ்தியாவே திட்டுவா," என்றார். பேப்பர் கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "மறைச்சிருந்தா வூட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்டா," என்றார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு கடையில் ஆள் வந்துவிட்டது.

அப்புறம் கல்லறைக்கு வந்தேன். உன் பக்கத்தில் குட்டையனைச் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவனை மாமா வீட்டிலேயே, கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தேன். தலைகீழாக இல்லை, நேராக.

பொங்கல் கழிந்ததும் தகுதிச் சுற்று. பேர் கொடுத்துவிட்டேன். நீ கேட்ட கார்டைத் திரும்ப வாங்குவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. பந்து யார் பேச்சையும் கேட்காது. ஆனால் மூலையில் குந்த மாட்டேன். ஒவ்வொரு காலையும் கடலூரில் தொடங்கி வாய்விட்டு எண்ணுவேன், யார் சிரித்தாலும் சரி. சிதம்பரம் வந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் பையில் இடமில்லை, அக்கா. நீ அங்கேயே இறங்கிக்கொள். ஆட்டம் முடிந்ததும் நான் வந்து சேர்கிறேன்.

இனி தன் பையைத் தானே எண்ணும்
உன் தங்கச்சி,
ரோஸி