ஓய்வுக்கு ஏற்ற இடம்

யசோதினியின் அம்மாவுக்கு,

நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். இங்கே குடியேறுவதில் நன்மை தீமை என்ன என்று என்னிடம் கேட்டார். "நமுனுகுல மலை தெரியும், நல்ல குளிருங்க. அட்டை கடிக்கும். வேற கொறை இல்லைங்க" என்றேன்.

எனக்கும் அறுபது முடிந்து, தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்றோலில் பேரை வெட்டிவிட்டார்கள். வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லாததால், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை விடச் சொல்கிறார் கணக்கப்பிள்ளை. "நாலு தலைமுறையா இருக்கோமுங்க" என்றேன். "அப்ப நல்லா இருந்துட்டீங்கல்ல?" என்றார்.

வெள்ளைக்காரருக்கு விசாவை நீட்டித்துவிட்டார்கள். சமைக்க ஒரு பெண்ணும் பூச்செடி பார்க்க ஓர் ஆளும் தேடுகிறார். பங்களாவின் பின்னால் தங்க அறை உண்டு. நம் இருவருக்குமாகச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

குவைத்தில் அடுத்தவர் வீட்டில் சமைத்தது போதும், ஊரில் ஓய்வாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். வா. வரும்போது சமையல் ஏப்ரனை மறக்காதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்